முப்பது செக்கன்

கின்சி வீதியில் கறண்ட் வந்தது இரண்டு பத்துக்கு.
ஐந்து பத்துக்குப் போய்விடும்.
அதற்குள் முடிக்கவேணும்.

இன்கியூபேற்றரைத் திறக்கிறேன்.
முப்பத்தேழு பாகை.
கொழும்பின் மதியத்தைவிடக் கொஞ்சம் கூட,
ஒரு பிள்ளையின் உடம்புச் சூடு.
கலங்கள் இருக்கின்றன,
கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு,
மெல்லிய வால்களை ஒன்றையொன்று நோக்கி நீட்டிக்கொண்டு.
எந்த நாட்டுச் சிறுமியின் கட்டியோ.
அவள் போய் எத்தனையோ வருசம்.
இவை போகத் தெரியாதவை.

மூன்று நாளாய் இவற்றுக்கு
கதிர் வீசும் இனோசிட்டோல் ஊட்டினேன்.
ஒவ்வொன்றும் அதை எடுத்துத்
தன் சுவரில் பூசிக்கொண்டது.
சுவர் என்றால் சீமெந்து அல்ல.
இரண்டு படை கொழுப்பு,
றால் பொரித்த சட்டியைக் கழுவும்போது
தண்ணீரின் மேல் நெளியுமே, அந்த மெல்லிசு.

முதலில் லிதியம்.
உடைந்தவை திரும்பிச் சுவருக்குப் போகாமல்
வழியில் தேங்கி நிற்கவேணும்,
அப்போதுதான் எண்ணலாம்.
அண்ணன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குவதும் இதுதான்,
அதே உலோகம், வேறு உப்பு.
அது அவனை எப்படி அமர்த்துகிறது என்று
எனக்குச் சரியாகத் தெரியாது.
தெரிந்தவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.
இந்த மாதம் வெள்ளவத்தைக் கடைகளில் ஒரு குளிசை இல்லை.
என் மேசையில் ஒரு போத்தல் நிறைய,
'மனிதப் பாவனைக்கு அல்ல' என்ற லேபலோடு.
அதைப் பார்க்காமல் மூடுகிறேன்.

பதினைந்து நிமிசம்.

"லேஸ்தித?" என்கிறாள் இமல்கா, மணிக்கூட்டைப் பிடித்தபடி.
"ஓம், லேஸ்தி."
ஒரு துளி கார்பகோல்.

துளி உள்ளே போவதில்லை.
முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.
அது வெளியே நின்று தட்டும், அவ்வளவுதான்.
தட்டிவிட்டுத் தன்பாட்டில் விலகிவிடும்.
சேதியைக் கொண்டுபோவது சுவர்.
தன்னில் ஒரு கொழுப்பைத் தானே பிளந்து
பாதியை உள்ளே எறிகிறது.
அந்தப் பாதி நீருக்குள் ஓடிப்போய்க்
கல்சியத்தைப் பூட்டிவைத்த அறைகளைத் திறக்கும்.
மற்றப் பாதி சுவரிலேயே நின்று
வேறு ஆட்களைக் கூப்பிடும்.

லொட்ஜில், ஒன்பதாம் அறையில்,
ஓர் இரவு தட்டினார்கள்.
அண்ணனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று.
பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தார்கள்.
டோர்ச்சை அவன் முகத்தில் பிடித்து
அடையாள அட்டையோடு ஒப்பிட்டார்கள்.
வாசலைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.
"ஹரி" என்று சொல்லி அடுத்த கதவுக்குப் போனார்கள்.
அம்மா இன்றைக்கும் சொல்லுவா,
"ஒண்டும் நடக்கேல்லையே பிள்ளை."

"திஹ!"
ஐஸில் வைத்த அமிலத்தை ஊற்றுகிறேன்.
கலங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன.
பிறகு அவை கலங்கள் இல்லை.
அந்த முப்பது செக்கன் மட்டும் மிச்சம்.

கவுண்டர் ஒவ்வொரு குப்பியாய் விழுங்கி இலக்கம் துப்புகிறது.
தொடாத கோப்பை: 412.
துளி விழுந்த கோப்பை: 2960.
முன்கூட்டி அட்ரோபின் இட்டது: 430.
அதே துளிதான். அதே தட்டல்தான்.
கதவுக்குக் கேட்கவில்லை.
இந்த மூன்றாவது இலக்கத்தை
நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேணும்,
இமல்கா தோளைத் தொட்டாள்.

ஏழாவது குப்பியில் கறண்ட் போனது.
பரவாயில்லை.
ட்ரிட்டியம் பாதியாய்க் குறையப் பன்னிரண்டு வருசம்.
அது காத்திருக்கும், நாளைக்கு எண்ணலாம்.

பொரளையில் ஒரு கடையில் இரண்டு காட் இருக்காம் என்று
அண்ணனே மெசேஜ் போட்டிருந்தான்.
154ஐ விட்டுவிட்டு நடந்தேன்.
பெற்றோல் வரிசை சந்தி தாண்டி வளைந்து கிடந்தது,
ஓட்டோவுக்குள் ஒருவர் வாய் திறந்து நித்திரை.

கடை இருட்டு. ஷட்டர் முக்கால் இறங்கியிருந்தது.
விரல் மடக்கி,
இரண்டு தரம்,
ஆகவும் மெதுவாய்த் தட்டினேன்.

உள்ளே யாரோ கதிரையை இழுக்கும் சத்தம்.